டிரைவ் திறந்தது, எழுத விடவில்லை

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. என் மடிக்கணினியில் இருப்பது 6-ஆம் தலைமுறை இன்டெல் பிராசசர். விண்டோஸ் 11-க்குப் பொதுவாக 8-ஆம் தலைமுறையாவது வேண்டும். நன்றாக ஓடும் கணினியைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. சரி, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் இயங்குதளமான லினக்ஸ் மிண்ட் போட்டுப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

நிறுவியதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்தேன். பென் டிரைவிலிருந்து பூட் செய்து, வைஃபை, ஒலி, டச்பேட் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று நிறுவும் முன்பே பார்த்துக்கொண்டேன். விண்டோஸை அழிக்கத் துணிவில்லை. அதுவும் ஒரு பக்கம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தலைவலி மறுநாள் தொடங்கியது. விண்டோஸில் டி டிரைவாக இருந்த பகுதியின் கோப்புகள் லினக்ஸில் தெரிகின்றன, திறக்கின்றன. திருத்திச் சேமிக்கப் போனால் ‘படிக்க மட்டும்’ என்கிறது. அனுமதிகளை மாற்றிப் பார்த்தேன். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில், நிர்வாகி உரிமை தரும் சூடோ போட்டும் பார்த்தேன். இரண்டு மாலைகள் போயின. கடைசியில் பார்த்தால் கோளாறு நான் தேடிய பக்கமே இல்லை. விண்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ இருந்தால், ஷட் டவுன் கொடுத்தாலும் அது முழுதாக அணைவதில்லை. இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் நிலையை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டு உறங்குகிறது. டிரைவை அது இன்னும் விடவில்லை என்பதால் லினக்ஸ் அதில் எழுத மறுக்கிறது. என் கோப்புகள் கெடாமல் இருக்கத்தான் மறுத்திருக்கிறது, நானோ இரண்டு நாளாக அதைத் திட்டிக்கொண்டிருந்தேன். விண்டோஸுக்குள் போய் பவர் ஆப்ஷன்ஸில் அந்த ஒரு டிக்கை எடுத்தேன். தீர்ந்தது.

அப்புறம் கடிகாரம். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் நேரம் சில மணி மாறிக் காட்டும். மதர்போர்டில் உள்ள கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் லினக்ஸ் யுடிசியாகவும் (உலகப் பொது நேரம்) எடுத்துக்கொள்வதால் வரும் குழப்பம். லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றினேன்.

தமிழ்த் தட்டச்சை நினைத்துத்தான் அதிகம் பயந்திருந்தேன். லினக்ஸில் பிற மொழிகளைத் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸும் எம்17என் தொகுப்பும் போட்டதும், நான் பழகிய தமிழ்99 விசைப்பலகை பட்டியலில் வந்து நின்றது. விரல்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை. யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகள் மட்டும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தன. அந்த எழுத்துருவை நகலெடுத்துப் போட்டதும் அவையும் சரியாகிவிட்டன.

விண்டோஸ் இன்னும் ஓரமாக இருக்கிறது. ஒரு பழைய ஸ்கேனருக்காக எப்போதாவது, இணையத்தைத் துண்டித்துவிட்டு, நுழைகிறேன். வெளியே வரும் முன் அந்த டிக் எடுத்தபடியே இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.