ஒரு நாட்டை மூடுவது

டோக்கியோ வந்து ஏழாவது மாதம், மியூனிக் வீட்டுக்காரரிடமிருந்து ஒரு மின்னஞ்சல். டெபாசிட்டில் பாக்கியை அனுப்பினாராம். அப்படி ஒரு கணக்கே இல்லை என்று பணம் அவருக்கே திரும்பிவிட்டதாம். கணக்கை மூடியது நான்தான். கிளம்புவதற்கு முந்தைய வாரம் வங்கிக்குப் போய் மூடிவிட்டு வந்து, "ஒரு வேலை ஒழிந்தது" என்று இவரிடம் பெருமையாகச் சொல்லி, பட்டியலில் கோடும் போட்டேன்.

துபாயில் ஐந்து வருடம், மியூனிக்கில் நான்கு, டோக்கியோவில் இப்போது ஒன்றரை. இவருடைய வேலைக்காக ஊர் ஊராக மாறும் குடும்பம் எங்களுடையது. காகித வேலை முழுக்க என் பொறுப்பு. புது நாட்டுக்குள் நுழைய வழி சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள், கம்பெனியும் ஆள் வைத்து உதவுகிறது. பழைய நாட்டை மூட ஒருவரும் வருவதில்லை. நான் பட்ட பாட்டில் முக்கால்வாசி அங்கேதான்.

டெபாசிட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் அது அதிகபட்சம் மூன்று மாத வாடகை, மற்ற செலவுகள் சேராமல். வீட்டைக் காலி செய்த அன்றே முழுதாகக் கைக்கு வராது. சூடாக்கல், தண்ணீர் போன்ற செலவுகளுக்கு வருடாந்திரக் கணக்கு வரும்வரை ஒரு பகுதியை வீட்டுக்காரர் பிடித்துவைக்கலாம். அந்தக் கணக்கைக் கொடுக்க, கணக்கு வருடம் முடிந்தபின் அவருக்கு 12 மாத அவகாசம் உண்டு. அப்படிப் பார்த்தால் எங்களுக்கு ஏழே மாதத்தில் அனுப்பியது நல்ல மனசு. நான்தான் வாங்கும் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். ஜப்பான் கணக்குக்கு அனுப்பியதில் கட்டணமாகக் கொஞ்சம் போனது, மாற்று விகிதத்தில் இன்னும் கொஞ்சம். பழைய நாட்டு வங்கிக் கணக்கை ஒன்றரை வருடமாவது திறந்துவைக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

கணக்கைத் திறந்துவைத்தால் போதுமா? அதற்குள் நுழைய ஓடிபி வரவேண்டும், அது வருவது பழைய சிம்முக்கு. துபாயை விட்டபோது சிம்மை நிறுத்திவிட்டு, அங்கிருந்த கொஞ்சம் பணத்தை எடுக்க முடியாமல் நான்கு மாதம் திண்டாடினோம். எண்ணை மாற்ற வேண்டுமானால் பழைய எண்ணுக்கு வரும் ஓடிபியைச் சொல்லுங்கள் என்றார்கள். அதனால் மியூனிக் சிம்மை மட்டும் ஒரு பழைய போனில் போட்டு இன்னும் உயிரோடு வைத்திருக்கிறேன். மகள் அதற்கு "பாட்டி போன்" என்று பெயர் வைத்திருக்கிறாள்.

ஜெர்மனியில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு அன்மெல்டுங் என்று பெயர். இது எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் அது இல்லாமல் எதுவும் நகராது. நாட்டை விட்டுப் போகும்போது அதை நீக்கவும் வேண்டும் என்பதுதான் பலருக்கு விட்டுப்போகிறது. அப்மெல்டுங். காலி செய்வதற்கு ஒரு வாரம் முன்பிலிருந்து, காலி செய்தபின் இரண்டு வாரம் வரை செய்யலாம். அந்தச் சான்றிதழ் கையில் இருந்தால்தான் ரேடியோ, டிவிக்கான ஒலிபரப்புக் கட்டணம் முதலானவற்றை நிறுத்தச் சொல்ல முடியும். இதை நான் தப்பாமல் செய்தேன். மூடும் வேலையில் நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்று.

சான்றிதழ்களில் வேறு வகைத் தொல்லை. துபாய்க்குப் போனபோது அமீரகம் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இல்லை. ஒரு நாட்டின் சான்றிதழை ஒரே முத்திரையோடு இன்னொரு நாடு ஏற்கும் ஏற்பாடு அது. படித்த நாட்டு வெளியுறவுத் துறை, அங்குள்ள அமீரகத் தூதரகம், பிறகு அமீரக வெளியுறவு அமைச்சகம் என்று முத்திரை மேல் முத்திரை. ஜெர்மனி என்றதும் நிம்மதியாக இருந்தது. அப்போஸ்டிலுக்கான அந்த 1961 ஹேக் ஒப்பந்தத்தில் ஜெர்மனியும் சான்றிதழ் கொடுத்த நாடும் இருக்கின்றன, ஒரே முத்திரைதான் என்று நினைத்தேன். அந்த ஒப்பந்தத்தில் ஒரு நாடு, புதிதாகச் சேரும் நாட்டின் பேரில் ஆட்சேபம் தெரிவிக்கலாம். தெரிவித்தால் அந்த இரண்டு நாடுகளுக்கு நடுவே மட்டும் அப்போஸ்டில் செல்லாது. எங்கள் திருமணச் சான்றிதழ் மாட்டியது அப்படித்தான். உறுப்பு நாடுகளின் பட்டியலைப் பார்த்தால் மட்டும் போதாது, ஆட்சேபப் பட்டியலையும் பார்க்க வேண்டும்.

ஓட்டுநர் உரிமத்தில் இவர் மாட்டிக்கொண்ட கதை இன்னும் வேடிக்கை. மியூனிக்கில் ஆறு மாதத்துக்குள் எடுத்த ஜெர்மன் லைசென்ஸ் இருந்தது. கிளம்புமுன் அதை வைத்துச் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வாங்கினார். "இதைக் காட்டினா உலகம் பூரா ஓட்டலாம்" என்றார். ஜப்பான் ஏற்பது 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி கொடுத்த அனுமதியை மட்டும்; ஜெர்மனி கொடுப்பது 1968 வியன்னா ஒப்பந்தப்படி. அந்தச் சாம்பல் நிறப் புத்தகத்துக்கு இங்கே மதிப்பே இல்லை. ஆனால் அதே ஜெர்மன் லைசென்ஸை அங்கீகரித்த ஜப்பானிய மொழிபெயர்ப்போடு காட்டினால் ஒரு வருடம் ஓட்டலாம்! ஜப்பான் லைசென்ஸாக மாற்றும்போது, அதை வாங்கியபின் அந்த நாட்டில் மூன்று மாதமாவது இருந்ததற்கு ஆதாரம் கேட்டார்கள். மியூனிக் பதிவுத் தாள்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது அங்கே உதவியது.

சாமான்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 20 அடி கன்டெய்னரில் ஏறக்குறைய 33 கன மீட்டர் பிடிக்கும். முதல் தடவை அதையும் நிரப்பி, போதவில்லை என்று சண்டை போட்டோம். இரண்டாவது தடவை பாதிகூட நிரம்பவில்லை. மியூனிக் வீட்டில் சமையலறை என்ற அறை இருந்தது, உள்ளே அடுப்பு, அலமாரி, தொட்டி எதுவும் இல்லை. அங்கே அது சாதாரணம். ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட், ஆகவே 230 வோல்ட் மிக்ஸியும் இஸ்திரிப் பெட்டியும் மியூனிக்கிலேயே நின்றுவிட்டன. ஒன்று மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: கப்பலில் பின்னால் சாமான் வருகிறது என்பதை ஜப்பானுக்குள் நுழையும்போதே சுங்கப் படிவத்தில் எழுத வேண்டும். இரண்டு பிரதி. ஒன்றில் முத்திரை குத்திக் கையில் தருவார்கள். அது இல்லாமல் வெளியே வந்துவிட்டால் வரிவிலக்கு கேட்க முடியாது. நள்ளிரவில், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அதை நிரப்பினேன்.

நல்லதும் இருக்கிறது. அமீரகத்தில் தனியார் வேலையை விடும்போது பணிக்கொடை உண்டு. முதல் ஐந்து வருடத்துக்கு, வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். அதற்கு மேல் 30 நாள். ஐந்து வருடத்துக்கு 105 நாள் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தோம். அடிப்படைச் சம்பளம் மொத்தத்தில் பாதிகூட இல்லை என்பதைக் கடைசி மாதம்தான் கவனித்தோம். இருந்தாலும் மியூனிக்கில் டெபாசிட் கட்டியதும் சமையலறை போட்டதும் அந்தப் பணத்தில்தான்.

என் வேலைதான் ஏறி இறங்கியது. ஜெர்மனியில் துணைவர் விசாவில் எந்த வேலைக்கும் போகலாம். மொழி படித்து, மூன்றாம் வருடம் ஒரு கணக்கு அலுவலகத்தில் சேர்ந்தேன். மேலாளர் என்னை நம்பி ஒரு வாடிக்கையாளரை முழுதாக ஒப்படைத்த மாதத்தில் டோக்கியோ மாற்றல் வந்தது. ஜப்பானில் என் போன்றவர்களுக்குத் தனி அனுமதி வாங்கினால் வாரத்துக்கு 28 மணி நேரம்தான். இவர் ஆர்டரைக் காட்டியபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் வங்கிக் கணக்கை மூட நேரம் கேட்டேன். அவசரப்பட்டு அதை மூடியது அந்தக் கோபத்தில்தானோ என்று இப்போது தோன்றுகிறது.

மகளுக்கு இது மூன்றாவது பள்ளி. வகுப்பில் யாராவது ஊரைவிட்டுப் போனால் அவள் அழுவதில்லை, முகவரி வாங்கி வைத்துக்கொள்கிறாள். அது நல்லதா என்று எனக்குத் தெரியவில்லை.

ஜெர்மனியில் இன்னும் ஒரு கதவு பாக்கி இருக்கிறது. ஓய்வூதியத்துக்குக் கட்டியது 60 மாதத்துக்குக் குறைவாக இருந்து, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே போனவர்களில் பலருக்கு ஊழியர் பங்கு திரும்பக் கிடைக்கும். குடியுரிமையையும் இப்போது இருக்கும் நாட்டையும் பொறுத்து விதி மாறும். கட்டாயக் காப்பீடு நின்று 24 மாதம் ஆகியிருக்கவும் வேண்டும். எங்களுக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. படிவத்தை இப்போதே நிரப்பி, தேதியை மட்டும் விட்டு, பாட்டி போனுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.