பாட்டியின் சூலக்காசு: இதுவரை தேடியதில் தெரிந்தவை

பாட்டியின் கருமாதி முடிந்த மறுநாள், அம்மா ஒரு பழைய பால்மாவு டின்னை என்னிடம் கொடுத்தார். உள்ளே கறுத்துப்போன ஒரு வெள்ளிக்காசு. தலையில் சிறு வளையம். மலேசியாவின் பினாங்கு மாநிலத்து நிபோங் திபாலில், எங்கள் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) வளர்ந்த பிள்ளைகள் எல்லாருக்கும் அதைத் தெரியும். காய்ச்சல் கண்டால் பாட்டி அதைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் கட்டிவிடுவார். அதற்குப் பெயர் சூலக்காசு.

கதையும் காசோடு சேர்ந்தே வந்தது. கொள்ளுப்பாட்டி நாகப்பட்டினத்தில் கப்பலேறும் முன் நாகூர் தர்காவில் ஓதி வாங்கி வந்தது என்பார் பாட்டி. ஒரு பக்கத்தில் அரபு எழுத்து இருக்கிறதே, அதுதான் அத்தாட்சி. மறுபக்கத்தில் சூலம் ஏந்திய அம்மன், அவள் பின்னால் பாய்மரக் கப்பல். வெள்ளிக்கிழமை தோறும் பாட்டி அம்மனுக்குக் குங்குமம் வைப்பார்.

அந்தக் கதையைச் சரிபார்க்கத்தான் ஐந்து மாதங்களுக்கு முன் உட்கார்ந்தேன்.

முதல் நாளே ஒரு தவறு செய்துவிட்டேன். எழுத்து தெரியவில்லை என்று புளியைக் கரைத்து ஒரு பக்கத்தைத் தேய்த்தேன். நூறு ஆண்டுக் கறுப்பு ஐந்து நிமிடத்தில் போய்விட்டது. அது இனித் திரும்பாது. பழைய வெள்ளி கையில் கிடைத்தவர்கள் தயவுசெய்து புளி, சாம்பல், பற்பசை எதையும் அதன் அருகில் கொண்டுபோகாதீர்கள். வெதுவெதுப்பான நீரும் மென்மையான தூரிகையும் போதும்.

தேய்த்த பக்கத்தில் ஆண்டு எதுவும் இல்லை. பூவேலைப்பாட்டின் நடுவே சீன எழுத்துகளும் அந்த ‘அரபு’ எழுத்தும்தான். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற மலாய் ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். நாங்கள் சிக்கு என்று அழைப்போம். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒரே மூச்சில் படித்துவிட்டார். அது அரபு மொழி அல்ல, ஜாவி எழுத்தில், அதாவது அரபு எழுத்தைத் தழுவிய எழுத்தில், எழுதிய மலாய். “சத்து ரிங்கிட்.” ஒரு ரிங்கிட்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நாம் இன்றும் கடையில் ரிங்கிட்டைப் பத்து வெள்ளி, ஐம்பது வெள்ளி என்றுதான் பேசுகிறோம். தாளை நீட்டிக்கொண்டே வெள்ளி என்கிறோம். அந்தச் சொல்லுக்குப் பொருளாக இருந்த உண்மையான வெள்ளி, பாட்டியின் பால்மாவு டின்னில் இத்தனை காலம் கிடந்திருக்கிறது. ரிங்கிட் என்ற சொல்லுக்கே மலாயில் பல்பல்லாக இருப்பது என்று பொருள். பழைய ஸ்பானிய வெள்ளி நாணயங்களின் விளிம்பு வரிகளிலிருந்து வந்த பெயர்.

அம்மன் பக்கத்தில் 1902 என்று ஆண்டு இருந்தது. பிறகு தேடுவது எளிதாகிவிட்டது. இது பிரிட்டிஷ் வணிக டாலர். கிழக்காசிய வாணிபத்துக்காக 1895 முதல் அடிக்கப்பட்டது. நிற்பவள் பிரிட்டனைப் பெண்ணாக உருவகித்த பிரிட்டானியா, கையில் இருப்பது திரிசூலம் போன்ற மூவிலை வேல். எடை 26.95 கிராம், ஆயிரத்தில் 900 பங்கு வெள்ளி, விட்டம் 39 மில்லிமீட்டர்.

போலிகள் நிறைய உண்டு என்பதால் வீட்டிலேயே சோதித்தேன். வளையத்தோடு எடை 27.6 கிராம். தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்து முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீரில் முழுக்கினேன். தராசு 2.68 கிராம் காட்டியது; அது காசு விலக்கிய தண்ணீரின் எடை. 27.6ஐ 2.68ஆல் வகுத்தால் 10.3. பத்தில் ஒன்பது பங்கு வெள்ளியும் ஒரு பங்கு செம்பும் கலந்தால் அடர்த்தி இவ்வளவுதான் வரும். பித்தளையாக இருந்தால் ஒன்பதைத் தொட்டிருக்காது.

அடுத்து, எந்த நாணயச்சாலை? பம்பாயில் அடித்தவற்றில் மூவிலை வேலின் நடுமுனையில் ‘பி’ என்ற ஆங்கில எழுத்து மிகச் சிறியதாக இருக்கும். எங்கள் காசில் அந்த இடம் முழுக்கப் பாட்டியின் குங்குமம் கெட்டியாக உறைந்திருந்தது. அதை எடுக்க மனம் வர இரண்டு வாரம் ஆயிற்று. கடைசியில் ஈரத் துணியைச் சுற்றி ஊறவைத்து, மூங்கில் பல்குச்சியால் துளித்துளியாக நெம்பினேன். உருப்பெருக்கியில் பார்த்தபோது, சிவப்புக்கு அடியில் ‘பி’ கூர்மையாக நின்றது. அந்தக் குங்குமம்தான் அதைத் தேய்மானத்திலிருந்து காத்திருக்கிறது. எடுத்த துகளைத் தாளில் மடித்து அதே டின்னில் வைத்திருக்கிறேன்.

ஆக, காசு பம்பாயில் பிறந்தது உண்மை. ஆனால் இந்தியாவில் புழங்கியது ரூபாய். இந்த டாலர் அங்குள்ளவர்களுக்காக அடிக்கப்பட்டது அல்ல. பிரிட்டானியாவின் காலருகே சீன எழுத்து ஒன்று குத்தப்பட்டிருக்கிறது. சீன வணிகர்களும் காசுமாற்றுவோரும் வெள்ளியைச் சோதித்துத் தங்கள் முத்திரையைக் குத்தும் வழக்கம் அது. காசு இந்தக் கரையில் கைமாறியிருக்கிறது. நாகூரில் வாங்கியது என்பதை நான் இப்போது நம்பவில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் ஆண்டுக் கணக்கில் வந்தது. பாட்டியின் பிறப்புப் பத்திரம் 1931. கொள்ளுப்பாட்டி கல்யாணமாகிக் கப்பலேறியது அதற்கு மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முன் என்று குடும்பத்தில் எல்லாரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள். ஆனால் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய தொடுவாய்க் குடியேற்றங்களுக்கென்று தனி டாலர் 1903இல் வந்து, 1904இல் பழைய வணிக டாலர் இங்கே செல்லாமல் போய்விட்டது. கொள்ளுப்பாட்டி இறங்கியபோது இது காசாகவே இல்லை. அப்படியானால் அவருக்கு முன்பே இங்கே இருந்த யாரோ சேர்த்தது.

இதைக் கூலிமில் இருக்கும் பெரியம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, “அது கரும்பாலை ஆயாவுடையதாக இருக்கும்” என்றார். கொள்ளுத்தாத்தாவின் தாயாரை வீட்டில் அப்படித்தான் சொல்வார்களாம். ஏன் அந்தப் பெயர் என்று பெரியம்மாவுக்குத் தெரியாது; அவர் கண் திறந்ததிலிருந்து இங்கே பால்மரம், இப்போது செம்பனை. ஆனால் ரப்பருக்கு முன் நிபோங் திபால் வட்டாரம் கரும்புக் காடு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழர்கள் இங்கே வெட்டியது கரும்புதான். முதல் உலகப் போருக்கு முன்பே அந்த ஆலைகளின் காலம் முடிந்துவிட்டது. பெயர் ஒன்று மட்டும் பேரப்பிள்ளைகளின் வாயில் தங்கியிருக்கிறது.

காசு ஒன்றே இதை நிரூபித்துவிடாது. ஆனால் காசும் அந்தப் பெயரும் ஒரே திசையைக் காட்டுகின்றன.

போன மாதம் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு வயதான பத்தரிடம் வளையத்தைக் காட்டினேன். கம்பி கையால் இழுத்தது என்றார். காசைத் திருப்பி, வளையத்துக்கு நேர் எதிரே விளிம்பை நகத்தால் தடவச் சொன்னார். ஓரிடத்தில் பல்வரி இல்லை, மழமழவென்று இருந்தது. அங்கேயும் ஒரு காலத்தில் பற்றவைத்திருந்தார்களாம். தனிக்காசுக்கு இரண்டு பற்று வேண்டியதில்லை. இது ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த அரைச்சங்கிலியில் ஒரு துண்டு என்பது அவர் கணிப்பு.

மீதிக் காசுகள் எங்கே? மறுபடியும் பெரியம்மாவை அழைத்தேன். ஜப்பான்காரன் காலத்தில் அரிசிக்குப் போயிருக்கும் என்றார். பேசிக்கொண்டே இருந்தவர், திடீரென்று இருக்கச் சொல்லிவிட்டு எழுந்து போனார். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. சாமி படத்துக்குப் பின்னால் அவருடைய அம்மா கொடுத்த ஒன்று இருக்கிறதாம். அதிலும் சூலம், அதிலும் கப்பல், இரண்டு பக்கமும் வளையம்.

ஞாயிற்றுக்கிழமை கூலிம் போகிறேன். தராசையும் உருப்பெருக்கியையும் பையில் எடுத்து வைத்துவிட்டேன். புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள் என்று பெரியம்மாவிடம் மூன்று முறை சொல்லியிருக்கிறேன்.