"தப்பா ஏதும் நினைக்கலையேம்மா?" – செவிலியர் பயிற்சியில் முதலில் திருத்த வேண்டிய கேள்வி

ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர்களுக்கான தற்கொலைத் தடுப்புப் பயிற்சியில், மனச்சோர்வின் அறிகுறிகளை ஸ்லைடு போட்டு விளக்குவதை நாங்கள் வெகுவாகக் குறைத்துவிட்டோம். அதெல்லாம் அவர்கள் படித்ததுதான். வாயில் வராதது, "செத்துப்போகணும்னு நினைச்சீங்களா?" என்ற ஒரு கேள்வி.

நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்று பயப்படுகிறார்கள். கேட்பதால் எண்ணம் முளைப்பதில்லை என்று ஆய்வுகளைக் காட்டினாலும் அந்தப் பயம் லேசில் விடாது. கேள்வி மழுங்கி, "தப்பா ஏதும் நினைக்கலையேம்மா?" என்று வரும். அந்த 'யே'யில்தான் கோளாறு. இல்லையென்று சொல்லிவிடு என்று கெஞ்சுகிற கேள்வி அது. "இல்லைங்க சிஸ்டர்" என்றுதான் பதில் கிடைக்கும்.

இதற்கு மருந்து வாய்விட்டுப் பழகுவதுதான். மூன்று மூன்று பேராக உட்கார வைக்கிறோம்: ஒருவர் கேட்பார், ஒருவர் நோயாளி, ஒருவர் கவனிப்பவர். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறுவார்கள். தூக்கத்தில் தொடங்கி, "எதுக்கு இருக்கோம்னு தோணுதா?", "செத்துப்போகணும்னு நினைச்சீங்களா?", "எப்படின்னு யோசிச்சீங்களா? அது வீட்ல இருக்கா?", "முன்னாடி எப்பவாவது முயற்சி பண்ணினீங்களா?" என்று படிப்படியாக இறங்க வேண்டும். நோயாளியாக நடிப்பவர் "ஆமா" என்றதும் பெரும்பாலானோர் சறுக்குவார்கள். "ரெண்டு புள்ளைங்கள வச்சுக்கிட்டு இப்படிப் பேசலாமா?" என்று புத்திமதி பாயும்; எதிரே இருப்பவர் அத்துடன் மூடிக்கொள்வார். கவனிப்பவர் குறிக்க வேண்டியது, "ஆமா"வுக்குப் பிறகு செவிலியர் எத்தனை விநாடி பேசாமல் இருந்தார் என்பதைத்தான்.

ஓ.பி. கூட்டத்தில் இதைக் கேட்க முடியாது. ஊசி போடும் அறைக்குக் கூட்டிப் போய், உடன் வந்த மாமியாரைச் சீட்டு கொடுத்து மாத்திரை வாங்க அனுப்பிவிட்டுக் கேட்கலாம்.

திட்டமும் பொருளும் கையில் இருப்பவரைத் தனியே விடக்கூடாது. மருத்துவரிடம் கூடவே அழைத்துப் போக வேண்டும். வீட்டிலுள்ள பூச்சிமருந்தை, அவர் சம்மதத்தோடு, அவர் நம்பும் ஒருவர் மூலம் அப்புறப்படுத்தச் சொல்ல வேண்டும். அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணை எழுதிக் கொடுத்தால் போதாது, அங்கிருந்தே போட்டுப் பேச வைக்க வேண்டும். ஏற்கெனவே விஷம் குடித்தவர் தெம்பாக நடந்து வந்தாலும் 108-ஐ அழையுங்கள். உப்புத் தண்ணீர், சாணித் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். குடித்த விஷம் நுரையீரலுக்குள் போய்விடலாம். போலீஸ் கேஸாகிவிடும் என்று வீட்டார் மறைப்பார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவை எளிய தமிழில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்: வேறுவிதமாக நிரூபிக்கப்படாத வரை, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்படுவார், அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சை தருவது அரசின் கடமை.

பலர் கோட்டை விடுவது தொடர் கவனிப்பில். சென்னை, கொழும்பு உட்பட ஐந்து இடங்களில் நடந்து 2008-இல் வெளியான உலக சுகாதார நிறுவன ஆய்வில், தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களில் ஒரு பகுதியினரிடம் ஒரு மணி நேரம் பேசி, 18 மாதங்களில் 9 முறை போனிலோ நேரிலோ விசாரித்தார்கள். அந்தக் காலத்தில் தற்கொலையால் இறந்தவர்கள் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 2.2 சதவீதம், இப்படி விசாரிக்கப்பட்டவர்களில் 0.2. செய்தது இவ்வளவுதான், விசாரிப்பு. ஆனால் போனை எடுப்பது கணவராக இருக்கலாம். வீட்டுக்கு அனுப்பும்போதே "சுகர் மாத்திரை விஷயமா கூப்பிடுறேன்" என்பதுபோல ஒரு சாக்கைப் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். இப்படி விசாரிக்க வேண்டிய ஒன்பது தேதிகளையும் அன்றே நிலையத்தின் பதிவேட்டில் எழுதிவிடுங்கள். சொந்த டைரியில் எழுதினால், மாறுதல் உத்தரவு வரும் நாளில் டைரியும் கூடவே போய்விடும்.