கார் மரத்தில் மோதினால், பக்கத்து சீட்டில் இருந்தவருக்கு என்ன ஆகிறது?

எங்கள் பக்கம் கார் விபத்து என்றால் இரண்டே முடிவுதான், ஆள் போய்விட்டார் அல்லது பிழைத்துவிட்டார். பிழைத்தவர் அப்புறம் என்ன ஆனார் என்று யாரும் கேட்பதில்லை. அதிலும் கார் தானாக ரோட்டை விட்டு இறங்கிப் புளியமரத்திலோ பாலத்துக் கட்டையிலோ மோதிய கேஸ் என்றால் திட்டுவதற்கு எதிர் வண்டிக்காரன்கூடக் கிடையாது. விடியற்காலையில் ஓட்டியவர் கண் அசந்திருப்பார், அவர் பெரும்பாலும் சொந்தக்காரராகவே இருப்பார், அதனால் "சாமி காப்பாத்துச்சு" என்று ஒரு அர்ச்சனையோடு பேச்சு முடிந்துவிடும்.

சித்திக்கு நடந்தது இந்த ரகம்தான். பழனிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, ஒட்டன்சத்திரம் தாண்டி. ஓட்டியது மாமா, அதாவது சித்தியின் கூடப்பிறந்த தம்பி. சித்தி முன் சீட்டை நன்றாகச் சாய்த்துப் போட்டுத் தூங்கிக்கொண்டு வந்தார். பெல்ட் போட்டுத்தான் இருந்தார். ஆனால் சீட்டை அவ்வளவு சாய்த்துவிட்டால் பெல்ட் இருந்தும் பெரிய பயனில்லை, மோதும்போது உடம்பு அதற்கு அடியில் வழுக்கிக்கொண்டு முன்னால் போகும், முழங்கால் டேஷ்போர்டில் போய் இடிக்கும். இடி விழுவது முழங்காலில், சேதம் இடுப்பில். தொடை எலும்பு அப்படியே பின்னால் தள்ளப்பட்டு, அதன் உருண்டைத் தலை இடுப்புக் குழியை விட்டுப் பின்பக்கமாக நழுவிவிடும். சித்தியை வெளியே இறக்கியபோது ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாக, உள்பக்கம் திரும்பிக் கிடந்தது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை, அதனால் "பெரிசா ஒண்ணும் இல்ல" என்று அங்கேயே ஒருவர் தீர்ப்பு சொல்லிவிட்டார்.

நழுவிய இந்த மூட்டை ஆறு மணி நேரத்துக்குள் திரும்ப ஏற்றிவிட வேண்டும் என்று எலும்பு டாக்டர்கள் பறப்பதற்குக் காரணம் இருக்கிறது. அந்த உருண்டைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் மெல்லியவை, நழுவும்போது கிழிந்தோ நசுங்கியோ போய்விடும், ரத்தம் கிடைக்காத எலும்பு செத்துக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நொறுங்கும். கொரோனா சமயத்தில் ஸ்டீராய்டு எடுத்த சிலருக்கு வந்ததால் ஏவிஎன் என்ற பெயரை நிறையப் பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள், அதேதான். இதில் கொடுமை, உடனே தெரியாது. சரியான நேரத்தில் ஏற்றினாலும் வராது என்று உறுதி சொல்ல முடியாது. ஆரம்பத்தில் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும், எம்ஆர்ஐ எடுத்தால்தான் பிடிபடும், சிலருக்கு இரண்டு வருஷம் கழித்துக்கூடத் தலைகாட்டும்.

சித்தி வீட்டுக்கு வந்தார், நடந்தார், தையல் மிஷினிலும் உட்கார்ந்துவிட்டார். அடுத்த வருஷம் தொடை இடுக்கில் வலி. வாயு என்றார்கள், தைலம் தேய்த்தார்கள், நொண்ட ஆரம்பித்த பிறகுதான் ஸ்கேன். கடைசியில் இடுப்பு மூட்டையே மாற்ற வேண்டியதாயிற்று. வயது ஐம்பதுகூட ஆகவில்லை, செயற்கை மூட்டு இருபது வருஷம் உழைத்தாலும் அதற்கப்புறம் இன்னொரு ஆபரேஷன் காத்திருக்கலாம். சம்மணம் போடாதீர்கள், குத்துக்கால் வைக்காதீர்கள், இந்தியன் டாய்லெட் வேண்டாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைப்பதையும் ஓரம் அடிப்பதையும் காலமெல்லாம் பாயில் உட்கார்ந்தே செய்தவர் சித்தி. மிஷின் மிதிப்பதும் குறைந்துபோய், இப்போது கடைக்கு வருகிற வேலையில் பாதியை வெளியே கொடுக்கிறார்.

பயம் தனிக் கணக்கு. பஸ்ஸில் ஏறினால் ஜன்னலோரம் நிம்மதியாக வருவார். காரில் என்றால், எதிரில் லாரி தெரிந்ததும் வலது கால் மிதியடியை அழுத்தும், அங்கே பிரேக்கா இருக்கிறது? ஓட்டுகிறவர் கையில் ஸ்டீயரிங் இருக்கிறது, பக்கத்தில் இருப்பவருக்கு எதுவுமே இல்லை.

சரி, பணத்துக்கு வருகிறேன். முதல் 48 மணி நேரச் செலவுக்கு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் இருக்கிறது, உண்மையிலேயே நல்ல திட்டம். அதற்குப் பிறகான வருஷங்களுக்கு நஷ்டஈட்டு வழக்குதான் வழி. எதிர் வண்டி இல்லாத விபத்தில் அந்த வழக்கை நம் காரின் இன்சூரன்ஸ் மீதுதான் போட முடியும், முழு நஷ்டஈடு வேண்டுமென்றால் ஓட்டியவர் அஜாக்கிரதையாக ஓட்டினார் என்று காட்டியாக வேண்டும். அக்கா எப்படித் தம்பி மேல் எஃப்ஐஆர் போடுவார்? கோர்ட்டு உத்தரவிடும் தொகையைக் கட்டுவது கம்பெனிதான் என்று விளக்க யாரும் இல்லை. பெரியவர்கள் கூடிப் பேசி போலீஸ் வரை போகாமல் பார்த்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரி சீட்டிலும் 'கீழே விழுந்ததில்' என்றுதான் இருக்கிறது.

கார் சொந்த உபயோகத்துக்கானது என்றால் இன்னொரு சிக்கல் உண்டு. வெளி ஆட்களுக்கு ஆகும் நஷ்டத்துக்கு மட்டுமான வெறும் தேர்டு பார்ட்டி பாலிசியில் உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு எதுவும் வராது, நம் வண்டியின் சேதத்துக்கும் சேர்த்து எடுக்கிற பேக்கேஜ் பாலிசி என்றால் உண்டு. பாலகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வித்தியாசத்தைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. 2011ல் ராஜ்குமார் வழக்கில் சொன்னதும் சித்தி மாதிரி ஆட்களுக்கு முக்கியம்: ஊனம் எத்தனை சதவீதம் என்று டாக்டர் எழுதுவது வேறு, பிழைப்பில் எவ்வளவு போயிற்று என்பது வேறு. இடது கை போன தச்சருக்குச் சம்பாத்தியமே போய்விடும், அரசாங்க குமாஸ்தாவுக்கு அப்படியில்லை.

இதெல்லாம் இருக்க, 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் இந்த நஷ்டஈட்டு வழக்குக்கு விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதம் என்று கெடு வைத்தது. எலும்பு செத்தது தெரியவே வருஷக்கணக்கில் ஆகிறது என்கிறபோது இது என்ன கணக்கோ. கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். அதனால் ஆஸ்பத்திரி சீட்டில் விபத்து என்றே எழுதச் சொல்லுங்கள், வழக்கைப் போட்டு வையுங்கள், இடுப்பு நழுவியவர் என்றால் வலி இல்லாவிட்டாலும் எம்ஆர்ஐ எப்போது எடுக்கலாம் என்று டாக்டரிடம் நீங்களே கேளுங்கள்.

மாமாவின் பாலிசியைப் போன மாதம்தான் வாங்கிப் பார்த்தேன். பேக்கேஜ் பாலிசிதான். கார் ரிப்பேருக்கு அதில் க்ளெய்ம் வாங்கியிருக்கிறார்கள்.