மிலானில் வெள்ளிக்கிழமை பூசை இல்லை

தவக்கால வெள்ளி என்றால் நம்ம ஊரில் சிலுவைப்பாதை, பூசை, அப்புறம்தான் வீடு. இத்தாலியில் மிலான் நகரத்துப் புனித அம்புரோசியார் பேராலயத்தில், அன்று சாயங்காலப் பூசை எத்தனை மணிக்கு என்று கேட்டேன். வாசலருகே நின்ற பாட்டி கையை விரித்துவிட்டார். தவக்காலம் முடியும்வரை எந்த வெள்ளியிலும் அங்கே திருப்பலி கிடையாதாம்.

அவர்களும் போப்பாண்டவருக்குக் கீழ்ப்பட்ட கத்தோலிக்கர்கள்தான். வழிபாட்டு முறை மட்டும் வேறு, நான்காம் நூற்றாண்டில் மிலானின் ஆயராக இருந்த அம்புரோசியாரின் பெயரால் வழங்கும் அம்புரோசிய முறை. திருநீற்றுப் புதனோடு தவக்காலம் தொடங்குவதில்லை, அதற்கு அடுத்த ஞாயிறுதான். அதனால் தவக்காலத்துக்கு முந்தைய கார்னிவல் கூத்து சனிக்கிழமை வரை நீளும் (கொடுத்துவைத்தவர்கள்). கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய திருவருகைக் காலத்துக்கு நமக்கு நான்கு ஞாயிறு, அவர்களுக்கு ஆறு.

பூசை இல்லாவிட்டால் என்ன, பீடத்துக்குக் கீழே இருக்கும் நிலவறைக்குப் போய் முழங்காலிட்டேன். 397இல் இறந்த அம்புரோசியாரின் எலும்புகள் ஆயர் உடையோடு அங்கே கிடக்கின்றன, இரண்டு பக்கமும் மறைசாட்சிகள் கெர்வாசியுஸ், புரோத்தாசியுஸ். 386இல் அவர்களுடைய எலும்புகளைக் கண்டெடுத்து, தன் கல்லறைக்கு என்று ஒதுக்கியிருந்த இடத்திலேயே அவர்களை வைத்தவர் அவர்தான்.

அதே ஆண்டில் இன்னொன்றும் நடந்தது. இயேசு தந்தைக்குச் சமமான கடவுள் அல்ல என்ற ஆரியுஸின் கொள்கையை ஆதரித்த அரசத் தாய் யுஸ்தினா ஆலயம் ஒன்றைக் கேட்டு நெருக்க, ஆயர் அம்புரோசியாரோடு சேர்ந்து சாகவும் துணிந்து சனங்கள் ஆலயத்துக்குள்ளேயே இரவுபகலாக இருந்தார்கள், புனித மோனிக்காவும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். சோர்ந்துபோகாமலிருக்கக் கீழ்த்திசைச் சபைகளின் வழக்கப்படி சங்கீதமும் பாட்டும் பாட ஆரம்பித்தார்கள். அது அப்படியே நிலைத்து மற்ற சபைகளுக்கும் பரவியது என்று மோனிக்காவின் மகன் புனித அகுஸ்தினாரே எழுதிவைத்திருக்கிறார். எந்தக் குழுவும் உட்கார்ந்து திட்டம் போடவில்லை. பயந்திருந்த மக்களுக்குத் தேவைப்பட்டது, முளைத்தது.

ஞாயிறு பெரிய கதீட்ரலில் பூசை கண்டேன், வரிசையே நம்முடையதிலிருந்து வேறு. சமாதானம் சொல்வது காணிக்கைக்கு முன்பே முடிந்துவிடுகிறது, விசுவாசப் பிரமாணம் காணிக்கைக்குப் பின்னால் வருகிறது, அப்பம் பிட்ட பிறகுதான் கர்த்தர் கற்பித்த செபம். கடைசி ஆசீருக்கு முன் மூன்று முறை 'ஆண்டவரே இரக்கமாயிரும்' என்கிறார்கள், அங்கே எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஏனென்று கேட்காதீர்கள்.

1570இல் போப்பாண்டவர் ஐந்தாம் பத்திநாதர் உரோமைத் திருப்பலி நூலை எங்கும் நிலைநாட்டியபோதுகூட, இருநூறு ஆண்டுக்கு மேல் வழக்கில் இருந்த முறைகளை விட்டுவைத்தார். அப்போது மிலானின் பேராயர் புனித சார்லஸ் பொரோமியோ, அவரும் தன் ஊர் முறையை விட்டுக்கொடுக்கவில்லை. அதற்காக அதைப் பெட்டியில் போட்டுப் பூட்டவுமில்லை: இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு 1976இல் திருப்பலி நூலும், 2008இல் வாசக நூலும் புதுப்பிக்கப்பட்டன. பழசை அப்படியே வை என்பவர்களும் எல்லாவற்றையும் மாற்று என்பவர்களும் நம்மிடையே போடும் சண்டையைப் பார்க்கும்போது, இரண்டு தரப்பையும் இங்கே ஒரு வாரம் தங்கவைக்கலாம் என்று தோன்றுகிறது.

கதீட்ரலின் முகப்புக்கு அடியில் எண்கோணத் திருமுழுக்குத் தொட்டியின் இடிபாடுகள் இருக்கின்றன, 387 பாஸ்கா இரவில் அகுஸ்தினார் திருமுழுக்குப் பெற்ற இடம், தவறவிடாதீர்கள். அவருடைய அம்மாவுக்கு இந்த ஊரில் முதலில் வந்த குழப்பமும் நோன்பு பற்றியதுதான், சனிக்கிழமை நோன்பு இருப்பதா வேண்டாமா என்று. அம்புரோசியார் சொன்ன பதில்: உரோமையில் இருந்தால் நோன்பு இருப்பேன், மிலானில் இருந்தால் இருக்கமாட்டேன், எந்தச் சபைக்குப் போனாலும் அந்தச் சபையின் வழக்கத்தைப் பின்பற்று.