கையெழுத்துத் தாளும் 42ஆம் எண் சட்டையும்

சென்னையில் மாநகராட்சிப் பள்ளிகளிலும் கிளை நூலகங்களிலும் கதை சொல்லப் போகிறவர்களுக்கு அமெரிக்க பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன் கதை ஒரு கண்டம். பிள்ளைகளுக்கு பேஸ்பால் தெரியாது. அதை விளக்கப் போனால் 40 நிமிடத்தில் பாதி கரைந்துவிடும். "கிரிக்கெட் மாதிரிதான்" என்று தொடங்கினாலோ எல்பிடபிள்யூ உண்டா என்பதில் மாட்டிக்கொள்வோம். நாலு செருப்பை நாலு மூலையில் போட்டு ஓடவிடுங்கள், போதும். நிஜத்தில் ஒரு மூலைக்கும் அடுத்ததற்கும் 90 அடி. நம் கிரிக்கெட் பிட்ச் 66 அடிதான். பந்து எறிபவர் கண்ணெதிரே கடைசி மூலைக்குத் திருட்டு ஓட்டம் ஓடிச் சேர்வதை ராபின்சன் லீக் ஆட்டங்களில் 19 முறை செய்தார். இதைச் சொன்ன பிறகு கதை தானாக ஓடும்.

நிறத்தைப் பற்றி அதற்கப்புறம்தான் பேச வேண்டும். 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக 42ஆம் எண் சட்டையில் அவர் இறங்கும் வரை, பல பத்தாண்டுகளாக அமெரிக்க பேஸ்பாலின் உச்சப் போட்டியான மேஜர் லீக்கில் கறுப்பினத்தவருக்கு இடமில்லை. இதை முதலிலேயே சொன்னால் "கறுப்பு" என்ற சொல் காதில் விழுந்ததும் மொத்த வகுப்பும் ஒரே பிள்ளையைத் திரும்பிப் பார்க்கும். மறுநாளிலிருந்து அவனுக்குப் பட்டப்பெயர் ராபின்சன். கேலிக்குத்தான் வைப்பார்கள். ராபின்சனாக நடிக்க அந்தப் பிள்ளையைக் கூப்பிடவே கூடாது.

நேரத்தைத் தாராளமாகக் கொடுக்க வேண்டியது தெருவுக்கு. ராபின்சன் குடும்பம் நியூயார்க்கின் புரூக்ளினில் டில்டன் அவென்யூ என்ற தெருவில் குடியிருந்தது. கறுப்பினத்தவர் அங்கே வரக் கூடாது என்று அக்கம்பக்கத்தில் ஒரு மனு சுற்றியது. ஒரு யூதக் குடும்பம் கையெழுத்துப் போட மறுத்தது. அந்த வீட்டுப் பையன்தான் பின்னால் ராபின்சனுக்குச் சின்னத் தோழன் ஆனான்.

இந்த இடத்தில் ஒரு தாளைச் சுற்றவிடலாம். "பச்சைத் தொப்பிக்காரர்கள் நம் தெருவுக்குக் குடிவரக் கூடாது" என்று எழுதி, கீழே 12 கோடுகள். சாதி, மதம், ஏரியா பெயர் எதுவும் வேண்டாம். முதல் கோடு காலியாக இருந்தால் பிள்ளைகள் தயங்குவார்கள். நாலு கிறுக்கல் முன்பே இருந்தால் படிக்காமலே போட்டுத் தள்ளுவார்கள். பேனா கைக்கு வந்தாலே கையெழுத்துப் போடுகிற வயது அது. "என்ன எழுதியிருந்தது?" என்று அப்புறம் கேளுங்கள். தாளை அவர்கள் முன்னாலேயே கிழித்துவிடுங்கள். பைக்குள் வீட்டுக்குப் போனால் வேறு வம்பு.

இங்கே உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. "சைவம் மட்டும்" என்ற வாடகை விளம்பரத்தைப் படிக்காத பிள்ளை இந்த ஊரில் குறைவு. வட சென்னையில் வியாசர்பாடி என்று முகவரி சொன்னதும் முகம் மாறுகிறவர்களும் இருக்கிறார்கள். கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணிக்கும் இந்தியாவுக்கும் ஆடிய கால்பந்து வீரர் நந்தகுமார் சேகர் அந்த வியாசர்பாடிக்காரர்தான்.

மைதானத்தில் ராபின்சன் வாங்கிய வசவுகளைச் சொன்னதும் "அவ்ளோ திட்டியும் ஏன் சார் திருப்பி அடிக்கல?" என்ற கேள்வி கட்டாயம் வரும். பொறுமைசாலி என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தால், வகுப்பில் அடி வாங்கிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு வாயை மூடிக்கொள் என்று சொன்னதாகிவிடும். ஆரம்பத்தில் பதிலடி கொடுப்பதில்லை என்று அணி நிர்வாகத்தின் தலைவர் பிராஞ்ச் ரிக்கியிடம் அவர் ஒப்புக்கொண்டிருந்தார். அது ஓர் ஏற்பாடு. பிறகு வாய் திறந்தார், விடாமல் பேசினார். இரண்டையும் சொல்லுங்கள்.

கிறிஸ்துமஸ் மரத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். பையன் வீட்டில் மரம் இல்லை என்று தெரிந்து ராபின்சன் ஒன்றை வாங்கிக்கொண்டு போகிறார். யூதர்கள் கிறிஸ்துமஸ் கொண்டாடுவதில்லை என்பது அவருக்குத் தெரியாது. சைவ வீட்டுக்கு ரம்ஜான் பிரியாணி போன மாதிரி என்று சொன்னால் புரிந்துவிடும். புரிந்த கையோடு ஒவ்வொருவரும் தன் தெருக் கதையைத் தொடங்குவார்கள். அதற்குப் பத்து நிமிடமாவது ஒதுக்குங்கள்; பெரும்பாலும் பாதியில் மணி அடித்துவிடும்.