அருளர் எந்த இயக்கம்?

பாப் பாடகர்களின் விக்கிப்பீடியாப் பக்கங்களில் நடக்கும் சண்டைகளில் பாதிக்கு மேல் உப்புச்சப்பில்லாதவை. பக்கத்தின் ஓரத்தில் சுருக்கத் தகவல் தரும் தகவற்சட்டத்தில் 'ஹிப் ஹாப்' முதலில் வர வேண்டுமா, 'எலக்ட்ரானிக்' முதலில் வர வேண்டுமா என்று இரண்டு பேர் விடிய விடிய மாற்றி எழுதிக்கொண்டிருப்பார்கள். மரையா கேரி பிறந்தது 1969இலா 1970இலா என்று கேட்டால் இரண்டுக்குமே நல்ல பத்திரிகைகளிலிருந்து சான்று காட்டுவார்கள். இதில் யார் வென்றாலும் யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது.

எம்.ஐ.ஏ. பக்கத்தில் நடந்தது அப்படிப்பட்ட சண்டை இல்லை. அங்கே கேள்வி, பாடகியின் அப்பா எந்த இயக்கத்தில் இருந்தார் என்பது.

நான் ஒரு தமிழ் நாளிதழின் செய்தி மேசையில் வேலை பார்க்கிறேன். ஏஜென்சி செய்தியைத் தமிழில் கொண்டுவருவது, நிருபர் அனுப்பியதைச் செப்பனிடுவது, தலைப்புப் போடுவது. ஓய்வு நேரத்தில் விக்கிப்பீடியாவில் எழுதுவேன், திருத்துவேன். அங்கே சம்பளம் கிடையாது, ஆனால் வேலை ஒன்றுதான்: யார் சொன்னார்கள், எங்கே சொன்னார்கள், அதை எவ்வளவு நம்பலாம். இந்தக் கேள்விகளை இவ்வளவு கறாராக என்னிடம் கேட்ட இடம் அந்த ஒரு பக்கத்தோடு இணைந்த, எழுதுபவர்கள் வாதாடிக்கொள்ளும் பேச்சுப் பக்கம்தான்.

எம்.ஐ.ஏ. என்ற மாதங்கி மாயா அருட்பிரகாசம் 1975இல் லண்டனில் பிறந்தவர். ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகப்பட்டார். இடையில் கொஞ்ச காலம் சென்னை, மறுபடி யாழ்ப்பாணம், 1986இல் அம்மாவோடும் உடன்பிறந்தவர்களோடும் அகதியாக மீண்டும் லண்டன். 2005இல் வந்த முதல் ஆல்பத்துக்கு அப்பாவின் பெயரையே வைத்தார்: அருளர். 2007இல் வந்த இரண்டாவதற்கு அம்மாவின் பெயர், கலா. ஆக, முதல் ஆல்பத்தைப் பற்றி எழுத உட்கார்ந்த எந்த இசைப் பத்திரிகையாளரும் 'யார் இந்த அருளர்' என்று ஒரு வரியாவது எழுதியாக வேண்டியிருந்தது. அந்த ஒரு வரியைப் பலர் 'தமிழ்ப் புலிப் போராளி' என்று முடித்துவிட்டார்கள்.

அருளர் புலி இல்லை. 1975இல் லண்டனில் இரத்தினசபாபதியும் மற்றவர்களும் சேர்ந்து தொடங்கிய ஈரோஸ் என்ற ஈழத் தமிழ் இயக்கத்தின் நிறுவனர்களில் ஒருவர். விடுதலைப் புலிகள் இயக்கம் அந்தப் பெயரில் உருவானதே 1976 மே மாதத்தில். ஈழப் போராட்ட வரலாற்றில் கொஞ்சம் பரிச்சயம் உள்ளவர்களுக்கு இது பாலபாடம். வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் குழப்பம் வரக் காரணமும் இருக்கிறது. 1985இல் ஈரோஸ், டெலோ, ஈபிஆர்எல்எஃப், புலிகள் என்ற நான்கு இயக்கங்களும் ஒரே முன்னணியில் நின்றன. இலங்கை அரசோடு நடந்த திம்புப் பேச்சுவார்த்தையிலும் சேர்ந்தே உட்கார்ந்தன. 1990இல் பாலகுமாரன் தலைமையில் ஈரோஸின் ஒரு பகுதி புலிகளோடு இணைந்தது. இந்தக் கடைசிச் செய்தியை மட்டும் அரைகுறையாகக் கேள்விப்பட்டவர், அதற்கு முன் அந்த இயக்கத்தில் இருந்த எல்லோரையும் புலியாக்கிவிடுவார்.

ஒரு மேற்கத்திய வாசகருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியலாம். ஆனால் புலிகளை இந்தியா 1992இலும், அமெரிக்கா 1997இலும், பிரிட்டன் 2001இலும் தடை செய்தன. தடை செய்யப்பட்ட இயக்கத்தின் உறுப்பினர் என்று உயிரோடிருக்கும் ஒருவரைப் பற்றி உலகமே படிக்கும் ஒரு பக்கத்தில் எழுதுவது சின்ன விஷயமல்ல. அருளர் இறந்தது 2019 டிசம்பரில். பக்கத்தில் இழுபறி நடந்த காலம் முழுக்க அவர் உயிரோடுதான் இருந்தார்.

விக்கிப்பீடியாவில் எழுதிப் பழகாதவர்களுக்கு அந்த இழுபறி எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. அதில் இரண்டு பதிப்புகளைத் தேர்ந்து ஒப்பிட்டால் திரை இரண்டு பத்தியாகப் பிரியும். இடது பக்கம் பழைய வாக்கியம், வலது பக்கம் புதியது, மாறிய சொல் மட்டும் அழுத்தமான நிறத்தில். ஆயிரக்கணக்கான சொற்கள் உள்ள கட்டுரையில் மாறியிருப்பது ஒன்றோ இரண்டோ சொல். 'புலி' போய் 'ஈரோஸ்' வரும். அடுத்த பதிப்பில் 'ஈரோஸ்' போய் 'புலி' வரும். கீழே தொகுப்புச் சுருக்கத்தில் ஒருவர் 'சான்றில் உள்ளபடி' என்பார், இன்னொருவர் 'சான்றே தப்பு' என்பார். ஒரே நாளில் மூன்று தடவைக்கு மேல் ஒருவர் மீளமைத்தால், அதாவது பிறர் மாற்றியதைப் பழையபடி ஆக்கினால், தடை விழும். சண்டை முற்றினால் பக்கத்தைப் பூட்டி, கணக்குத் தொடங்கி நான்கு நாளும் பத்துத் தொகுப்பும் ஆகாத யாரும் கை வைக்க முடியாதபடி செய்துவிடுவார்கள். பிறகு எல்லோரும் பேச்சுப் பக்கத்துக்கு வந்துதான் ஆக வேண்டும்.

பேச்சுப் பக்கத்தில் தமிழர்களின் முதல் எதிர்வினை கோபம். எனக்குப் புரியக்கூடிய கோபம். 'எங்கள் வரலாறு எங்களுக்குத் தெரியாதா' என்று தொடங்கி நீளமாக எழுதுவார்கள். அதில் பெரும்பகுதி உண்மையாகவும் இருக்கும். ஆனால் கலைக்களஞ்சியத்தில் அதற்கு மதிப்பில்லை. எதிர்த் தரப்பில் ஒருவர் லண்டன், நியூயார்க் பத்திரிகைக் கட்டுரைகளை வரிசையாக அடுக்கிவிட்டு, 'இவை அச்சானவை, உங்களிடம் என்ன இருக்கிறது' என்று கேட்பார்.

பாடகியே பேட்டிகளில் மறுத்திருக்கிறாரே, அதைச் சான்றாக வைக்கலாமே என்றால், அதற்கும் ஒரு விதி குறுக்கே வரும். ஒருவர் தன்னைப் பற்றித் தானே சொல்வதை ஓரளவு எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவது நபரைப் பற்றிச் சொல்வதை அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. விதியின் கண்ணில் சொந்த அப்பாவும் மூன்றாவது நபர்தான். பத்திரிகைப் பேட்டியில் வந்திருந்தால் 'அவர் இவ்வாறு கூறுகிறார்' என்று சேர்க்கலாம், அவ்வளவுதான். முதல் தடவை இதைப் படித்தபோது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

இதே கேள்வி என் அலுவலகத்துக்கும் வந்தது. 2009 ஜனவரியில் ஆஸ்கார் பரிந்துரைப் பட்டியல் வெளியானபோது, ஸ்லம்டாக் மில்லியனர் படத்தின் ஒரு பாடலுக்கு ஏ.ஆர். ரஹ்மானோடு சேர்த்து மாயாவின் பெயரும் இருந்தது. ரஹ்மான் பெயர் இருந்தால் தமிழ் நாளிதழில் அது முதல் பக்கம். அடுத்த மாதம் கிராமி மேடையில் நிறைமாதக் கர்ப்பிணியாக அவர் ஏறிப் பாடியபோது இன்னொரு செய்தி. அதே வாரங்களில் வன்னியிலிருந்து வந்துகொண்டிருந்த செய்திகள் வேறு. ஒரே மேசையில் இரண்டையும் வைத்துக்கொண்டு வேலை பார்த்த நாட்கள் அவை. அப்போது 'புலி' என்ற சொல்லை ஒருவர் பெயரோடு ஒட்டுவதன் எடை எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

எங்கள் மேசையில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் பிழை திருத்துநராக இருந்தார். எண்பதுகளில் வந்தவர். அதிகம் பேச மாட்டார். ஆஸ்கார் செய்தியின் அச்சுப் படியை வாசித்தவர், பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, உது பிழை. அருளர் ஈரோஸ் ஆள். அவரைப் புலியெண்டு ஆர் சொன்னது?"

"ஏஜென்சி காப்பியில அப்படித்தான் வந்திருக்கு, ஐயா."

"ஏஜென்சிக்காரனுக்கு எல்லா இயக்கமும் ஒண்டுதான். எங்களுக்குமோ?"

ஏஜென்சியின் அந்த வரியை எடுத்துவிட்டு, 'ஈரோஸ் அமைப்பை நிறுவியவர்களில் ஒருவரான அருளரின் மகள்' என்று போட்டோம். ஐயா அதோடு விடவில்லை. இரத்தினசபாபதியின் லண்டன் காலத்திலிருந்து, ஈரோஸ்காரர்கள் லெபனானில் பாலஸ்தீனர்களிடம் பயிற்சி எடுத்தது, திம்பு, பாலகுமாரன் வரை தேநீர் ஆறும் வரை சொன்னார். எந்தப் புத்தகத்தையும் பார்க்காமல், ஆண்டு பிசகாமல்.

நாளிதழில் அவர் வாய்ச்சொல் போதும். அவரை ஆசிரியருக்குத் தெரியும், தப்பாகப் போனால் மறுநாள் திருத்தம் போடுவோம், பொறுப்பேற்க ஆள் இருக்கிறது. விக்கிப்பீடியாவில் அவர் யாரோ ஒரு பயனர். அவருக்கு எவ்வளவு தெரியும் என்று வாசகர் எதை வைத்துச் சரிபார்ப்பார்? இன்னொரு பெயரில் வேறொருவர் வந்து, 'அருளர் புலித் தளபதி, எனக்கு நேரடியாகத் தெரியும்' என்று எழுதினால்? அப்படி எழுதியவர்களும் உண்டு. அவர்களைத் தடுக்கும் விதிதான் எங்கள் ஐயாவையும் தடுக்கிறது. அவரை மட்டும் உள்ளே விடும் விதி ஒன்றை யாராலும் எழுத முடியாது. அந்த எரிச்சலிலிருந்து நான் வெளியே வந்தது இப்படி யோசித்துத்தான்.

ஆனால் அந்த விதியைச் சரியாகப் படித்தால் அது நமக்கும் வழி வைத்திருக்கிறது. ஒரு பத்திரிகை நம்பகமானதா என்பது, அது எதைப் பற்றிப் பேசுகிறது என்பதைப் பொறுத்தது. புது ஆல்பத்தின் இசையைப் பற்றி ஓர் இசை விமர்சகர் எழுதியது நல்ல சான்று. அதே கட்டுரையில் போகிற போக்கில் இலங்கை இயக்கங்களைப் பற்றி அவர் எழுதிய அரை வரி நல்ல சான்று இல்லை. அந்த விஷயத்துக்கு ஈழப் போராட்ட வரலாற்றை எழுதியவர்களின் நூல்கள்தான் சான்று. பத்துப் பத்திரிகைகள் சொல்லியிருக்கின்றனவே என்ற வாதம் இங்கே அடிபட்டுப்போகிறது, ஏனென்றால் அந்தப் பத்தும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவையாக இருக்கலாம். பத்திரிகைகள் விக்கிப்பீடியாவைப் பார்த்து எழுதுவதும் நடக்கிறது. 2009 மார்ச்சில் இசையமைப்பாளர் மொரீஸ் ஜார் இறந்தபோது, டப்ளின் மாணவர் ஒருவர் ஜார் சொன்னதாக ஒரு வரியைத் தானே புனைந்து விக்கிப்பீடியாவில் போட்டார். சான்றில்லை என்று அங்கே நீக்கிக்கொண்டே இருந்தார்கள். அதற்குள் கார்டியன் உட்பட நாளிதழ்கள் இரங்கல் செய்தியில் அதை அச்சடித்துவிட்டன. செய்தி மேசையில் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், நேரம் நெருக்கும் இரவில் அது எந்த மேசையிலும் நடக்கக்கூடியது.

தமிழில் உள்ள சான்றை ஆங்கில விக்கிப்பீடியா ஏற்காது என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தவறு. தரம் ஒன்றாக இருந்தால் ஆங்கிலச் சான்றை முதலில் கேட்பார்கள். இல்லாவிட்டால் எந்த மொழியும் ஆகும். கேட்டால் மூல வரியையும் மொழிபெயர்ப்பையும் தர வேண்டும். நூலகம் திட்டம் 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் துண்டுப் பிரசுரங்களையும் ஒவ்வொரு பக்கமாக ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றிவருகிறது. ஈழத்து இயக்கங்களைப் பற்றி ஒரு பெயர், ஓர் ஆண்டு தேவைப்பட்டால் நான் முதலில் தட்டும் கதவு அதுதான். மங்கிய எழுத்து, ஓரத்தில் கரையான் அரித்த தடம், யாரோ ஒருவரின் வீட்டு அலமாரியிலிருந்து வந்த பிரதி. அதில் உள்ள ஒரு வரியைப் பக்க எண்ணோடு பேச்சுப் பக்கத்தில் வைத்தால் வாதத்தின் தொனியே மாறிவிடுகிறது. 'எங்களுக்குத் தெரியும்' என்று எழுதிய நீளமான பதிவுகள் செய்யாததை அது செய்கிறது. யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்த பிறகும் இவ்வளவு மிஞ்சியிருக்கிறதே என்று ஒவ்வொரு தடவையும் மனம் நெகிழ்ந்துபோகும்.

உயிரோடிருப்பவர்களைப் பற்றிய தனிக் கொள்கை ஒன்றும் இங்கே உதவியது. 2005இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் சீகந்தாலரின் பக்கத்தில், கென்னடி கொலையில் அவருக்குப் பங்கு இருக்கலாம் என்று யாரோ எழுதிய பொய் மாதக்கணக்கில் அப்படியே கிடந்தது. அந்த அவமானத்துக்குப் பிறகு வந்த கொள்கை அது. சான்று பலவீனமான, ஒருவருக்குக் கேடு விளைவிக்கும் தகவலை உடனே எடுத்துவிடலாம், விவாதம் பிறகு நடக்கட்டும். அப்படி எடுப்பது மூன்று மீளமைப்புக் கணக்கில்கூடச் சேராது. அருளர் விஷயத்தில் நான் நின்றது இந்தக் கொள்கையின் மேல்தான்.

ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு நின்ற பிறகு, பாதி வழியில் இறங்க முடியாது. மாயாவின் ரசிகர்கள் என்னைத் தங்கள் ஆள் என்று நினைத்தார்கள். 2012 சூப்பர் பவுல் மேடையில் அவர் நடுவிரலைக் காட்டியதும், அமெரிக்கக் கால்பந்து லீக் ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல் கேட்டு நடுவர் தீர்ப்பாயத்தில் வழக்காடியதும், பிறகு சமரசமானதும் பக்கத்தில் வேண்டாம் என்றார்கள். வேண்டும் என்றேன், ஆனால் இருபதாண்டு இசை வாழ்க்கைக்கு நடுவில் அதற்கு எவ்வளவு இடமோ அவ்வளவுதான் என்றும் சொன்னேன். 2022 அக்டோபரில் தடுப்பூசியைப் பற்றி அவர் போட்ட ட்வீட் பெரிய பத்திரிகைகளில் செய்தியானபோது அதையும் எடுக்கச் சொன்னார்கள். அவர் சொன்னது, நல்ல சான்று இருக்கிறது, ஆகவே இருக்கட்டும் என்று எழுதினேன். அப்பாவைப் பற்றிய வரிக்காக என்னோடு நின்ற ஒருவர் அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. அந்த வாக்கியத்தை இன்று எழுதச் சொன்னாலும் அப்படியே எழுதுவேன்.

எனக்கு இன்னும் மனம் ஒப்பாத ஒன்று உண்டு. கட்டுரையின் முதல் வாக்கியத்தில் ஒருவரின் இனத்தைப் பொதுவாகக் குறிப்பிடக் கூடாது, அவருடைய புகழுக்கு அது காரணமாக இருந்தால் ஒழிய, என்று நடைக் கையேடு சொல்கிறது. பெரும்பாலான பாடகர்களுக்கு இது நல்ல விதி. மாயாவுக்கு அது பொருந்தாது என்பது என் கட்சி. அப்பா, அம்மா, தன் இரு பெயர்கள் என்று முதல் நான்கு ஆல்பங்களுக்கும் வீட்டுப் பெயர்களையே வைத்தவர், மேடையிலும் பேட்டியிலும் தமிழர் என்பதையே முன்வைத்தவர், அந்தச் சொல் இல்லாமல் எப்படி அறிமுகமாவார்? மறுதரப்பு, அது இரண்டாம் பத்தியில் விரிவாக வருகிறதே, முதல் வரியில் எதற்கு என்கிறது. அவர்களும் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். இசை ஆய்வு நூல்கள் அவரை எப்படி அறிமுகப்படுத்துகின்றன என்று தேடிக்கொண்டிருக்கிறேன். போதுமான அளவு கிடைத்ததும் பேச்சுப் பக்கத்தில் மறுபடி கேட்பேன்.